தையில் விதைத்தால் ஆடியில் பறிக்கலாம்: குளிர் நாட்டில் வீட்டு மிளகாய்

இங்கே வந்த புதுசில் அநேகமாக எல்லாரும் விடுகிற பிழை ஒன்றுதான். மே மாதம் வெய்யில் எறிக்கத் தொடங்கினதும் ஒரு செத்தல் மிளகாயை உடைத்து விதையைச் சாடிக்குள் தூவுவார்கள். முளைக்கும். யூலையில் ஒரு சாண் உயரம் வரும். ஆகஸ்டில் பூக்கும். செப்டெம்பரில் நகமளவு பிஞ்சு பிடிக்கும். ஒக்ரோபரில் குளிர் இறங்க, செடி ஒரே இரவில் கறுத்துத் தொங்கும். பிறகு "இந்த நாட்டுக்கு மிளகாய் சரிவராது" என்று ஆளாளுக்குச் சொல்லித் திரிவார்கள். நானும் இரண்டு வருசம் அப்படிச் சொல்லித் திரிந்தவன்தான்.

நான் இருப்பது லண்டனின் வடமேற்கு ஓரம், ஹரோப் பக்கம். பின்வளவு சின்னன், கண்ணாடி வீடு கிடையாது. தெற்குப் பார்த்த ஒரு யன்னல், குசினியில் ஒரு மூலை, வெளியே சுவரோடு ஒட்டிய ஒரு துண்டுச் சீமெந்துத் தரை. இவ்வளவுக்குள்தான் வருசம் எட்டுச் செடி வளர்க்கிறேன். யூலை கடைசி தொடங்கி ஒக்ரோபர் வரை பச்சைமிளகாய் கடையில் வாங்குவதில்லை. ஸ்கொட்லாந்திலோ நோர்வேயிலோ இருப்பவர்கள் நான் சொல்லும் 'வெளியே வைக்கும்' தேதிகளோடு இரண்டு மூன்று கிழமையைக் கூட்டிக்கொள்ளுங்கள். ரொறன்ரோவில் மாரி எங்களைவிடக் கொடுமை, ஆனால் கோடை எங்களைவிட நல்ல சூடு. அங்கே செடி வெளியே போய்விட்டால் பிறகு கவலை குறைவு.

முதலில் ஒரு கணக்கு

விதை போட்டுப் பச்சைக்காய் பறிக்க நாலரை, ஐந்து மாதம் பிடிக்கும். அது சிவந்து பழுக்க இன்னும் ஒரு மாதம். இங்கே இரவிலும் மிளகாய் தாங்கக்கூடிய சூடு வெளியே இருப்பது யூன் தொடக்கத்தில் இருந்து செப்டெம்பர் நடுப்பகுதி வரை, கூடிப்போனால் மூன்றரை மாதம். துண்டு விழுகிற அந்த இரண்டு மாதத்தையும் வீட்டுக்குள்ளே கொடுத்தாக வேண்டும். அதனால்தான் வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்போது, தைப்பொங்கல் கழிந்த கையோடு, விதைக்கிறோம்.

என்னுடைய வழக்கம்: சனவரி கடைசியில் இருந்து பெப்ரவரி நடுப்பகுதிக்குள் விதைப்பு. மார்ச் தொடக்கம் வரை பிந்தலாம். ஏப்ரலுக்குப் போய்விட்டால் விதையை விட்டுவிட்டு, தோட்டக் கடையில் மே மாதம் விற்கிற கண்டை வாங்கி வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முதல் வருசம் இரண்டு கண்டு வாங்கி வளர்த்துப் பழகிவிட்டு அடுத்த வருசம் விதைக்கு வருவது புத்தி என்றுகூடச் சொல்வேன்.

எந்த மிளகாய்

கண்டதையும் ஆசைப்பட்டு வாங்காதீர்கள். இணையக் கடையில் 'உலகத்திலேயே உறைப்பான மிளகாய்' என்று ஒரு பக்கற் கிடைக்கும். ஆண்பிள்ளைகள் அதைத்தான் முதலில் வாங்குவார்கள். நாகா, ஹபனேரோ, ஸ்கொட்ச் பொனெற் எல்லாம் ஒரே இனம், கப்சிக்கம் சினென்ஸ். முளைக்கவே மூன்று நாலு கிழமை எடுக்கும், பழுக்கச் சாதாரண மிளகாயைவிட ஒன்றரை இரண்டு மாதம் பிந்தும். வளரவே வளராது என்று சொல்லவில்லை. பங்களாதேஷ்க்காரர் விரும்பும் நாகா மொரிச்சின் விதையை போர்ண்மத்தில் ஒரு பலசரக்குக் கடையில் வாங்கின மிளகாயில் இருந்து எடுத்து, டோர்செற்றில் ஒரு தம்பதி பல வருசம் தெரிந்தெடுத்து வளர்த்ததுதான் 'டோர்செற் நாகா'. ஆனால் அவர்கள் தொழில்முறையில் செய்தவர்கள், அதுவும் பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள். நாங்கள் தொடங்குவது கப்சிக்கம் அனுவம் இனத்தோடு. எங்கள் ஊர்ப் பச்சைமிளகாய், கயென், ஹலபேனியோ, எல்லாம் அந்த வகைதான்.

யன்னல் கட்டில் மட்டும்தான் இடம் இருக்கிறது என்றால் அப்பாச்சி எஃப்1. முழங்கால் உயரம்கூட வராது, குட்டிச் சாடியிலும் குலை குலையாகக் காய்க்கும், கறிக்குப் போதுமான உறைப்பு. மேகமூட்டமான கோடையிலும் ஏமாற்றாதது ஹங்கேரியன் ஹொட் வக்ஸ். மஞ்சள் நிறம், சதைப்பிடிப்பு. உறைப்பு எங்கள் நாக்குக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பஜ்ஜிக்கு அதைவிடத் தோதான மிளகாய் இங்கே கிடையாது. சம்பலுக்கும் தாளிப்புக்கும் நீள மெல்லிசுக் காய் வேண்டும் என்றால் கயென் அல்லது இந்தியாவின் பூசா ஜ்வாலா. ஜ்வாலா கொஞ்சம் பிந்தும், ஆனால் மணம் எங்கள் மிளகாயின் மணம்.

ஒரு விசித்திரமான சாதியும் இருக்கிறது, றொக்கோற்றோ. அந்தீஸ் மலையின் மிளகாய். இலையில் மயிர், பூ ஊதா, விதை கறுப்பு. மற்ற மிளகாய்கள் நடுங்குகிற குளிரில் அது பாட்டுக்கு வளரும். உறைபனி பட்டால் மட்டும் அதுவும் போச்சு. காய் குண்டாகத் தக்காளி மாதிரி இருக்கும், செடி ஆளுயரம் போகும். இடம் இருப்பவர்கள் இரண்டாவது மூன்றாவது வருசத்தில் முயன்று பாருங்கள்.

கடை மிளகாயின் விதை முளைக்குமா என்று எல்லாரும் கேட்பார்கள். பச்சைமிளகாய் விதை முற்றாதது. முளைக்காது என்றே வையுங்கள். நன்றாகச் சிவந்த பழத்தின் விதை முளைக்கும், ஆனால் அது ஒட்டு ரகமாக இருந்தால் தாய் மாதிரியே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. செத்தல் மிளகாய் விதை, அது வெய்யிலில் காய்ந்ததா இயந்திரச் சூட்டில் காய்ந்ததா என்பதைப் பொறுத்தது. பத்துப் போட்டு இரண்டு முளைத்தால் இலாபம். ஊருக்குப் போய் வரும்போது முடிச்சில் விதை கட்டிக்கொண்டு வராதீர்கள். விதைப்பதற்கான விதைக்குத் தாவரநலச் சான்றிதழ் வேண்டும், மிளகாய் தக்காளி விதையோடு வைரஸ் வந்துவிடும் என்பதால் அவற்றில் கெடுபிடி இன்னும் கூட. இரண்டு மூன்று பவுணுக்கு நல்ல விதைப் பக்கற் இங்கேயே கிடைக்கிறது.

விதைப்பு: அடியில் சூடு

யாழ்ப்பாணத்தில் அப்பு மிளகாய் நாற்றுமேடை போடுவதைப் பார்த்திருக்கிறேன். மண்ணைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, விதையைச் சாம்பலோடு கலந்து தூவி, மேலே வைக்கோலால் மூடித் தண்ணி தெளிப்பார். ஒரு கிழமையில் முளை தெரிந்ததும் வைக்கோலை எடுத்துவிடுவார். சூட்டைப் பற்றி ஆரும் யோசித்ததே இல்லை, மண்ணே சூடு. இங்கே அந்த மண்ணின் சூட்டைத்தான் நாங்கள் செயற்கையாகச் செய்ய வேண்டும்.

மிளகாய் விதைக்கு 25 முதல் 28 பாகை (செல்சியஸ்) வேண்டும். அந்தச் சூட்டில் ஏழில் இருந்து பதினாலு நாளில் முளைக்கும். 20 பாகையில் மூன்று கிழமை இழுக்கும். 15 பாகையில் ஈரத்துக்குள் கிடந்து அழுகும். மாரியில் எங்கள் வீடுகளின் யன்னல் கட்டு இரவில் அந்த 15-க்குத்தான் வரும்.

சூடு எங்கே இருக்கிறது? சுடுதண்ணித் தாங்கி உள்ள வீட்டில் அந்த அலுமாரி. பழைய ஃபிறிச்சின் மேற்பக்கம். இணையப் பெட்டியின் மேல் ஒரு தட்டை வைத்து விதை முளைக்க வைத்தவரையும் தெரியும். இதெல்லாம் சரிவராவிட்டால் மின்சாரத்தில் சூடேறும் நாற்றுத் தட்டு ஒன்று வாங்கலாம்; ஒருமுறை வாங்கினால் பல வருசம் உழைக்கும். றேடியேற்றரின் மேல் மட்டும் நேரே வைக்காதீர்கள். முதல் வருசம் நான் அதைத்தான் செய்தேன். அது எரியும்போது 50 பாகை, அணைந்தபின் குளிர். இரண்டு நாளில் மண் பிஸ்கற் மாதிரிக் காய்ந்து கிடந்தது. விதை வெந்திருக்கும்.

செய்முறை இதுதான். விதையை முதல் நாள் இரவு இளஞ்சூட்டுத் தண்ணியில் ஊறவிடுங்கள். கடையில் விதைப்புக்கென்று விற்கிற மெல்லிய கொம்போஸ்ற்றைச் சின்னக் குழித்தட்டிலோ தயிர்க் கோப்பையிலோ நிரப்புங்கள். கோப்பை என்றால் அடியில் ஓட்டை போட மறக்க வேண்டாம். மண்ணை முதலே நனைத்துவிடுங்கள். கையில் பிடித்துப் பிழிந்தால் ஒரு சொட்டுக்கு மேல் வரக்கூடாது, அவ்வளவு ஈரம் போதும். ஒரு குழிக்கு ஒரு விதை, அரைச் சென்ரிமீற்றர் ஆழம். மேலே பிளாஸ்ரிக் மூடி அல்லது சமையலறைக் கிளிங் ஃபிலிம். பெயரும் தேதியும் எழுதிக் குத்துங்கள். மூன்றாம் மாதம் எல்லாச் செடியும் ஒரே முகமாகத்தான் இருக்கும், ஆரார் என்று தெரியாது.

முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை. ஆனால் நாளைக்கு இரண்டு தரம் எட்டிப் பாருங்கள். வளைந்த வெள்ளைக் கழுத்து ஒன்று மண்ணைக் கிளப்பிக்கொண்டு தெரிந்த அன்றே மூடியை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு நாள் பிந்தினால் கழுத்து இரண்டங்குலம் நீண்டுவிடும். சில கண்டுகள் விதைக்கோதைத் தொப்பி போலப் போட்டுக்கொண்டு எழும்பும். இழுத்துப் பிடுங்கினால் இரண்டு வித்திலையும் அதோடு வந்துவிடும். விரல் நுனியால் ஒரு சொட்டுத் தண்ணி தொட்டு வைத்து அரை மணித்தியாலம் பொறுங்கள், கோது இளகும். அப்போதும் வராவிட்டால் இன்னொரு சொட்டு. அவசரப்பட்டு நான் கொன்ற கண்டுகள் கொஞ்சமல்ல.

பிறகு வெளிச்சம்

பெப்ரவரித் தொடக்கத்தில் லண்டனில் பகல் ஒன்பது மணித்தியாலம் சொச்சம். அதிலும் பாதி நாள் மேகம். யன்னலில் வைத்த கண்டு கண்ணாடிப் பக்கம் சாய்ந்து, நூல் மாதிரி நீண்டு, பிறகு தன் பாரம் தாங்காமல் விழும். ஒருமுறை வட்ஸ்அப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். "என்னடா தம்பி, கண்டு இப்பிடி நெடுத்துப் போச்சு? வெய்யில் காணாமல் ஏங்குதடா" என்றா. அதற்குப் பிறகுதான் விளக்கு வாங்கினேன்.

வெள்ளை எல்.ஈ.டி போதும். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் நல்லது. ஊதா நிறத்தில் எரிகிறது அக்கம்பக்கத்தாருக்கு வேறு சந்தேகங்களைக் கிளப்பும், வேண்டாம். கண்டின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் தொங்கவிட்டு, செடி வளர வளர உயர்த்துங்கள். நாளுக்கு 14 முதல் 16 மணித்தியாலம். ஒரு ரைமரில் கொடுத்தால் மறதி இல்லை. 20 வாற் விளக்கு 15 மணித்தியாலம் எரிந்தால் நாளுக்கு 0.3 யூனிற், மாதம் 9 யூனிற். பெரிய செலவில்லை.

விளக்கு வாங்க விருப்பமில்லாதவர்கள் விதைப்பை மார்ச் தொடக்கத்துக்குத் தள்ளிப்போடுங்கள், பகல் நீண்டுவிடும். தெற்கு யன்னலில் வைத்து, சாடியை நாளுக்கு ஒருமுறை அரைவட்டம் திருப்பிவிடுங்கள். செடிக்குப் பின்னால் ஒரு வெள்ளை மட்டையை நிறுத்தினால் வெளிச்சம் திரும்பி விழும். முக்கியமான ஒன்று: இரவில் யன்னல் சீலையை இழுத்து மூடும்போது செடி கண்ணாடிக்கும் சீலைக்கும் நடுவில் அகப்படும். வீட்டின் சூடு சீலைக்கு இந்தப் பக்கம், செடி அந்தப் பக்கம். பொழுதுபட முன் எடுத்து மேசையில் வையுங்கள்.

சாடி மாற்றுதல், தண்ணி

வித்திலை இரண்டுக்கும் மேலாக உண்மையான இலை இரண்டு சோடி வந்ததும், இலையைப் பிடித்துத் தூக்கி 8, 9 சென்ரிமீற்றர்ச் சாடிக்கு மாற்றுங்கள். தண்டைப் பிடிக்க வேண்டாம். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசிந்தால் முடிந்தது. வேர் சாடியின் அடியோட்டையால் தெரியும்போது ஒரு லீற்றர்ச் சாடி. கடைசியாக மே மாதத்தில் 5 லீற்றர் அல்லது அதற்கு மேல். அப்பாச்சி போன்ற குட்டிகளுக்கு 2, 3 லீற்றர் போதும்.

'எப்படியும் பெரிசாகப் போகிறதுதானே' என்று குட்டிக் கண்டை நேரே வாளிக்குள் நடாதீர்கள். சின்ன வேர் குடிக்கமாட்டாத தண்ணி மீதி மண்ணில் தேங்கிக் குளிர்ந்து புளிக்கும். குளிர் நாட்டில் மிளகாய் சாவது குளிரில் மட்டும் இல்லை, குளிர்ந்த ஈரத்தில்தான் கூட.

எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது கஷ்டம். செடி வாடினால் தண்ணி ஊற்று என்றுதான் பழகியிருக்கிறோம். ஊரில் அது சரி. இங்கே பெப்ரவரியில் செடி வாடினால் பாதித் தடவை காரணம் தண்ணி கூடினது. வேர் அழுகினாலும் இலை அதே மாதிரித்தான் தொங்கும். மண்ணின் மேற்பக்கத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இப்போது கடையில் வருகிற பீற் (சதுப்புநில மக்கு) இல்லாத கொம்போஸ்ற் மேலே காய்ந்து வெளிறிக் கிடக்கும், இரண்டங்குலத்துக்குக் கீழே சொதசொதவென்றிருக்கும். நம்பக்கூடியது பாரம்தான். தண்ணி ஊற்றின உடனே சாடியை ஒருமுறை கையில் தூக்கிப் பாருங்கள். அடுத்த நாளும் தூக்குங்கள். அதற்கடுத்த நாளும். வெறும் சாடி மாதிரி இலேசாகத் தெரிகிற அன்று ஊற்றுங்கள். ஒரு கிழமையில் கை பழகிவிடும், பிறகு பார்க்கவே தேவையில்லை.

ஊற்றும்போது அடியால் வடியுமட்டும் ஊற்றி, தட்டில் நிற்கிறதைக் கொட்டிவிடுங்கள். மாரியில் குழாய்த் தண்ணி கையே விறைக்கிற குளிர். போத்தலில் பிடித்து ஒரு இரவு வீட்டுக்குள் வைத்திருந்து ஊற்றுங்கள். வளவு மண்ணைச் சாடிக்குப் போடாதீர்கள், இறுகிக் களியாகிவிடும், பூச்சியும் கூட வரும். கொம்போஸ்ற் நாலு பங்கு, பேர்லைற் என்கிற வெள்ளைப் பொரிக்கல் ஒரு பங்கு. என் கலவை அவ்வளவுதான்.

பசளை பற்றி நீட்ட ஒன்றும் இல்லை. புது மண்ணில் ஐந்தாறு கிழமைக்குச் சத்து இருக்கும். முதல் பூ கண்டதும் தக்காளிக்கென்று விற்கிற திரவப் பசளையைப் போத்தலில் சொன்ன அளவில் கிழமைக்கு ஒருமுறை. அதில் பொட்டாசியம் கூட, காய்க்கு அதுதான் வேண்டும். தழைச்சத்துக் கூடின பசளை போட்டால் பச்சைப் பசேலென்று இலை மட்டும் வரும். பார்க்க வடிவாகத்தான் இருக்கும்.

நுனி கிள்ளுவதா இல்லையா என்று ஆட்கள் சண்டை பிடிப்பார்கள். கிள்ளினால் கிளைக்கும், ஆனால் இரண்டு கிழமை பிந்தும். பெப்ரவரியில் விதைத்து ஒரு சாணுக்கு மேல் ஒற்றைத் தண்டாய்ப் போகிறது என்றால் கிள்ளுங்கள். மார்ச்சில் விதைத்தவர்கள் கையை வைக்க வேண்டாம், அது தானாகவே கவடு விட்டுப் பிரியும். அந்தக் கவட்டில் வருகிற முதல் பூவை மட்டும், செடி இன்னும் சின்னச் சாடியில் இருந்தால், கிள்ளி எறியுங்கள்.

அழுக்கணவன்

தனித் தலைப்புக் கொடுக்கக் காரணம் இருக்கிறது. குளிர் நாட்டு வீட்டு மிளகாயின் முதல் எதிரி இதுதான். தமிழ்நாட்டில் அசுவினி என்பார்கள். வெளியே பனி மூடியிருக்க, மூடிய யன்னலுக்குள் இது எங்கிருந்து வருகிறது என்று நினைப்பீர்கள். கடையில் வாங்கின மல்லிக்கட்டில் வரும், பூச்செண்டில் வரும், உங்கள் உடுப்பிலும் வரும். வந்தால் இணை சேராமலே குட்டி போடும். வெளியே என்றால் புள்ளிவண்டு தின்று தீர்க்கும். உங்கள் யன்னலில் அதற்கு ஒரு எதிரியும் இல்லை.

கண்டுபிடிக்கிற விதம்: நுனிக் குருத்து சுருங்கும், இலையில் பசை மினுங்கும், மேசையில் வெள்ளைத் தூசி மாதிரி உதிர்ந்து கிடக்கும். அது தூசி அல்ல, அவை கழற்றிப் போட்ட தோல். நுனி இலையை மெல்லத் திருப்பினால் நடு நரம்போடு ஒட்டி எள்ளைவிடச் சின்னதாய், இலையின் நிறத்திலேயே, வரிசையாக இருக்கும். பத்துப் பதினைந்து என்றால் பெருவிரலால் நசித்துவிடுங்கள். கூட இருந்தால் சாடி வாயைப் பிளாஸ்ரிக் பையால் கட்டி, செடியைத் தலைகீழாகப் பிடித்து, இளஞ்சூட்டுக் குழாய்த் தண்ணியில் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். பிறகு தோட்டத்துக்கென்று விற்கிற சவர்க்காரக் கரைசலைத் தெளியுங்கள். பாத்திரம் கழுவுகிற திரவம் இலையைச் சுடும், நான் சுட்டிருக்கிறேன். மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. ஒருமுறை கழுவிவிட்டு வென்றுவிட்டேன் என்று நினைத்தால் அடுத்த கிழமை பழைய குருடி கதவைத் திறவடி.

இலை சுருண்டதும் ஊர் நினைவில் குருமன் நோய் பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். இங்கே அநேகமாக அழுக்கணவன், அல்லது தண்ணி ஒழுங்கில்லாதது. மண்ணுக்கு மேல் கறுப்புக் குட்டி ஈ பறந்தால் மண் எப்போதும் ஈரமாக இருக்கிறது என்று அர்த்தம். மேல்மண்ணைக் காயவிட்டு, மஞ்சள் பசைத் தாள் ஒன்று குத்துங்கள். கணுவில் ஊதாக் கறுப்பு, காயில் கறுப்புத் தழும்பு இதெல்லாம் குளிரிலும் வெய்யிலிலும் வருகிற நிறம், நோயில்லை. காயின் நுனி மட்டும் மெல்லிசாகிக் கறுத்து அழுகினால் தண்ணி ஒருநாள் வெள்ளம் ஒருநாள் வரட்சி என்று போயிருக்கிறது. கல்சியம் நுனிவரை போய்ச் சேரவில்லை.

வெளியே கொண்டுபோவது

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை 20 பாகை வெய்யில் எறிக்கும். அயலட்டையில் எல்லாரும் அரைக்கைச் சட்டையோடு வளவுக்குள் நிற்பார்கள். உங்களுக்கும் கை துருதுருக்கும். வேண்டாம். எனக்கு ஒருமுறை ஒன்பது கண்டு அப்படிப் போனது. பகல் முழுக்கச் சிரித்துக்கொண்டு நின்றவை, அடுத்த நாள் காலை அவித்த கீரை மாதிரிக் கிடந்தன.

லண்டனுக்குள் உறைபனி பெரும்பாலும் ஏப்ரலோடு ஓயும், மிட்லண்ட்ஸ், வடக்குப் பக்கம் மே கடைசிவரை பயம் உண்டு. ஆனால் உறைபனி இல்லாவிட்டால் மட்டும் போதாது. இரவுச் சூடு 10, 12 பாகைக்குக் கீழே போனால் மிளகாய் சாகாது, ஆனால் கோபித்துக்கொண்டு நின்றுவிடும். மூன்று கிழமைக்கு வளர்ச்சி இருக்காது. வானிலையில் பகல் எண்ணைப் பார்க்காதீர்கள், இரவு எண்ணைப் பாருங்கள்.

அதற்குள்ளும் பழக்க வேண்டும். வீட்டுக்குள் வளர்ந்த இலைக்கு வெய்யிலும் தெரியாது, காற்றும் தெரியாது. முதல் நாள் நிழலில் ஒரு மணித்தியாலம். பிறகு இரண்டு, மூன்று என்று கூட்டி, பத்து நாளில் முழுப் பகல். கடைசியில்தான் இரவு. அவசரப்பட்டால் இலையில் கடுதாசி மாதிரி வெள்ளைத் திட்டு விழும். அந்த இலை தேறாது, புது இலை வரும்.

இடம்: தெற்கு அல்லது மேற்குச் சுவரோரம். செங்கல் பகலில் உறிஞ்சின சூட்டை இரவில் விடும். சாடியைத் தரையோடு வைக்காமல் கல்லின் மேல் உயர்த்துங்கள். வடியும், நத்தையும் ஏறச் சிரமப்படும். இந்த நாட்டு ஓடில்லாத நத்தை ஒரு இரவில் ஒரு செடியின் இலையை முடித்துவிடும். ரோச்லைற்றோடு பத்து மணிக்குப் போய்ப் பொறுக்குவதைவிட நல்ல மருந்து நான் காணவில்லை. வளவே இல்லாதவர்கள் யன்னலிலேயே கடைசிவரை வளர்க்கலாம், அப்பாச்சிக்கு அதுதான் பிடிக்கும்.

வீட்டுக்குள் பூத்தால் காய் பிடிக்கத் தேனீ இல்லையே என்று கவலை வேண்டாம். ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. மத்தியானம் பூங்கொத்தை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிடுங்கள். பூ காம்போடு மஞ்சளாகி உதிர்ந்தால் இரவுக் குளிர் 13-க்குக் கீழ், அல்லது கொன்சவேற்றரி என்கிற கண்ணாடி அறைக்குள் பகல் சூடு 35-க்கு மேல். இரண்டும் மகரந்தத்தைக் கெடுக்கும்.

பறிக்கிறது, வைக்கிறது

கத்தரியால் காம்போடு வெட்டுங்கள். இழுத்தால் கிளை முறியும். முதல் காய்களைப் பச்சையாகவே பறித்துவிட்டால் செடி மேலும் பூக்கும். எல்லாவற்றையும் சிவக்க விட்டால் அது தன் வேலை முடிந்தது என்று ஓய்ந்துவிடும். நான் ஆகஸ்ட் நடுவரை பச்சையாகப் பறித்து, பிறகு வருகிறதைச் சிவக்க விடுவேன். உறைப்பு விதையில் இல்லை, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். பிள்ளைகளுக்குச் சமைப்பவர்கள் அதைச் சுரண்டி எடுத்தால் போதும்.

பச்சைக்காயைக் கழுவித் துடைத்து, காம்போடு முழுசாக ஒரு பையில் போட்டு உறையவிடுங்கள். எடுத்த கையோடு வெட்டித் தாளிக்கலாம். செத்தலாக்குவதுதான் இங்கே பாடு. ஊரில் ஓலைப்பாயில் கொட்டி இரண்டு மூன்று நாள் வெய்யில் காட்டினால் சலசலக்கும். செப்டெம்பர் லண்டனில் அப்படிக் காயப்போட்டால் பூஞ்சணம்தான் வரும். மெல்லிய தோலுள்ள கயெனை நூலில் கோத்து பொயிலர் அலுமாரிக்குள் தொங்கவிடலாம். அல்லது நீளவாக்கில் கீறி, அவனில் 60 பாகையில், கதவைக் கொஞ்சம் திறந்தபடி ஆறேழு மணித்தியாலம். யன்னலைத் திறந்து வையுங்கள். நான் ஒருமுறை திறக்க மறந்து வீடு முழுக்க இருமி, மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார். மோர்மிளகாய்க்கும் இதே வழிதான்: இரவு மோரில், பகல் அவனில், மூன்று நாள்.

மாரிக்குத் தூங்க வைத்தல்

செடியைக் குப்பைக்குப் போடாதீர்கள். மிளகாய் ஒரு வருசத்துச் செடி அல்ல; குளிரில்லாத இடத்தில் வருசக்கணக்கில் நிற்கும். இரவு 10 பாகைக்குக் கீழே இறங்க முன், செப்டெம்பர் கடைசிக்குள், நல்லதாக இரண்டைத் தெரிந்து உள்ளே எடுங்கள். இருக்கிற காயைப் பறியுங்கள். முதல் கவட்டுக்கு மேல் இரண்டு கணு விட்டு எல்லாவற்றையும் வெட்டுங்கள். பார்க்கப் பாவமாக, கவண் கட்டை மாதிரி இருக்கும். இலை ஒன்றும் வேண்டாம், இலை இருந்தால் அழுக்கணவன் இருக்கும். பழைய மண்ணை உதறி, வேரைக் கொஞ்சம் நறுக்கி, புது மண்ணோடு சின்னச் சாடியில் வையுங்கள்.

10 முதல் 15 பாகை உள்ள, கொஞ்சம் வெளிச்சமான இடம் நல்லது: படுக்கையறை யன்னல், வீட்டுக்குள் சூடு போடாத நடைவழி. மூன்று கிழமைக்கு ஒருமுறை அரைக் கோப்பைத் தண்ணி, அவ்வளவுதான். பசளை கிடையாது. இரண்டில் ஒன்று செத்துப்போகலாம், அதற்குத்தான் இரண்டு. உயிர் இருக்கிறதா என்று பார்க்க நகத்தால் தண்டைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை என்றால் இருக்கிறது.

பெப்ரவரியில், நீங்கள் புது விதைக்குத் தண்ணி தெளித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கட்டையின் கணுவில் கடுகளவு பச்சை கிளம்பும். அன்றைக்கு அதையும் விளக்குக்குக் கீழே தள்ளிவையுங்கள், தண்ணியைக் கொஞ்சம் கூட்டுங்கள். விதைக்கண்டு ஒரு சாண் வளர்ந்து நிற்கிற மே மாதத்தில் இது பூத்துவிடும். என்னிடம் நிற்கிற ஜ்வாலாவுக்கு இப்போது நாலு வயது. அடித்தண்டு பெருவிரல் மொத்தம், பட்டை பிடித்துவிட்டது. போன வருசம் யூன் 12-ஆம் தேதி அதில் முதல் காய் பறித்தேன்.